வண்டி கொதித்தது, பழி யார் மீது?



காரணம் தெரியாத இடத்தில் கற்பனை குடியேறும். கற்பனை குடியேறிய வீட்டில் நீதிக்கு இடமிராது. இதை நான் ஏட்டிலே படித்துச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலத்துப் பட்டறையொன்றில், பழைய மோட்டார் வண்டிகளின் மூடியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு கண்டறிந்து சொல்கிறேன். ஏடுகள் போதிக்கும் பகுத்தறிவைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர். இரும்பு போதித்த பகுத்தறிவைப் பற்றி எழுத என்னைப் போன்ற தொழிலாளியும் ஒருவன் வேண்டுமல்லவா?

கொதித்து நிற்கும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முகப்பிலிருந்து ஆவி சீறும். சுற்றிலும் நாலு பேர் கூடுவர். நாலு பேரும் நாலு தீர்ப்பு வழங்குவர். "தண்ணீர் இல்லை" என்பார் ஒருவர். "பம்பு போயிற்று" என்பார் மற்றொருவர். "இடம் சரியில்லை" என்பார் மூன்றாமவர். "ஓட்டுகிறவன் சரியில்லை" என்பார் நான்காமவர். எப்போது கொதித்தது, எந்த வேகத்தில் கொதித்தது, ஏறும்போதா, நிற்கும்போதா என்று ஒருவரேனும் கேட்பாரா? கேட்கமாட்டார். கேள்வி கேட்க உழைப்பு வேண்டும். தீர்ப்புச் சொல்ல வாய் இருந்தால் போதுமே!

2018ஆம் ஆண்டு மே மாதம் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. 1951ஆம் ஆண்டின் செவர்லே பிக்கப், ஆறு சிலிண்டர், ஏறத்தாழ மூன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் இஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பூட்டி நாடெங்கும் அனுப்பி வந்த காலத்தைச் சேர்ந்தது. எழுபது வயதை நெருங்கிய பின்னும் உழைத்துக்கொண்டிருந்தது. உடையவர் நாற்றுப்பண்ணை நடத்துபவர். திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும். கோடை விழா வந்தால் ஏற்காட்டுக்குப் பூந்தொட்டிகளைச் சுமக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. மூன்று முறை ஏறிய வண்டி, மூன்று முறையும் மேல் வளைவுகளிலே கொதித்து நின்றது. உடனே விசாரணை தொடங்கியது. வண்டியைத் தவிர மற்றெல்லாவற்றையும் விசாரித்தனர்! "அந்த வளைவில் ஏதோ இருக்கிறது" என்றார் வீட்டுப் பெரியவர். பூசணிக்காய் உடைந்தது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, முகப்பில் மிளகாயும் எலுமிச்சையும் தொங்கின. நான்காம் முறையும் கொதித்தது. தெய்வக் குற்றம் தீர்ந்த பின்னும் கொதிக்கிறதென்றால், மனிதக் குற்றம் இருந்தாக வேண்டுமே! கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதன் இருந்தான்: வண்டி ஓட்டுகிறவன். "தண்ணீர் ஊற்றாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டான்" என்று தீர்ப்பாயிற்று. பதினைந்து நாள் கூலி நிறுத்தப்பட்டது.

வண்டியை என்னிடம் கொண்டு வந்தவரும் அந்த ஓட்டுநர்தான். "அண்ணே, தண்ணீர் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. முதலாளி நம்பவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்.

"நான் சொன்னால் அது என் வார்த்தை, தம்பி. வண்டியே சொல்லட்டும், அதை யாரும் மறுக்க முடியாது" என்றேன்.

வரவும் செலவும்

இஞ்சின் என்பது அடக்கி வைத்த தீ. எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. பெரும்பங்கு புகையோடு போகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இஞ்சினைச் சுற்றியோடும் நீர் சுமந்து வந்து, முகப்பிலுள்ள ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவே இது வெறும் வரவு செலவுக் கணக்கு. வெப்பத்தின் வரவு மிகுந்தாலும் வண்டி கொதிக்கும்; செலவு குறைந்தாலும் கொதிக்கும். தீப்பொறி காலந்தாழ்த்தி விழுந்தால், பெட்ரோலுக்குக் காற்று மிகுந்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால் வரவு மிகும். நீர் குறைந்தால், பம்பு சுழலாவிட்டால், விசிறிப் பெல்ட் வழுக்கினால், தெர்மோஸ்டாட் திறக்காவிட்டால், ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால் செலவு குறையும். இந்தப் பட்டியலில் வளைவிலுள்ள பேய்க்கு எங்கே இடம்?

முதலில் சாட்சியையே சோதித்தோம். ஓட்டுநர் முன்னுள்ள முள் பொய் சொன்னால் மற்ற விசாரணை எல்லாம் வீண். இஞ்சினுக்குள் செருகியிருக்கும் அதன் குமிழைக் கழற்றி, அடுப்பில் கொதிக்கும் நீரில் அமிழ்த்தினோம். சேலத்தின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 99 பாகை செல்சியசில் கொதிக்கும். பாரன்ஹீட் கணக்கில் 210. முள் அங்கேயே வந்து நின்றது. சாட்சி நேர்மையானது.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அங்கே 95 பாகையிலேயே கொதித்துவிடும். 1679ஆம் ஆண்டில் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிவியலார் இலண்டனில் காட்டிய மூடிய கொப்பரை இதற்கு நேர்மாறான வழி: ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காது. நம் சமையலறைக் குக்கரும், இக்கால வண்டிகளின் ரேடியேட்டர் மூடியும் அந்தக் கொப்பரையின் வாரிசுகள். இந்தப் பழைய வண்டியின் மூடியோ அழுத்தத்தை அடைத்து வைக்காத வகை. சேலத்தில் கொதிக்காத சூடு மலை உச்சியில் கொதிக்கப் போதுமானது. "அந்த வளைவில் ஏதோ இருக்கிறது" என்றாரே பெரியவர், அது உண்மைதான்! அங்கே இருந்தது நான்கு பாகை.

ஆனால் அது முழு விடையாகாது. நல்ல வண்டி அந்த நான்கு பாகையைத் தாங்கிக்கொண்டு ஏறிவிடும். எனவே எப்போது கொதிக்கிறது என்று கேட்டோம். நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டோம்; கொதிக்கவில்லை. நிற்கும் வண்டிக்கு விசிறியைத் தவிர வேறு காற்று ஏது? ஆகவே விசிறியும் பெல்ட்டும் குற்றவாளிகள் அல்ல. சமவெளியில் ஓட்டினோம், கொதிக்கவில்லை. சுமை ஏற்றி, இரண்டாம் கியரில், மேட்டில் ஏற்றியபோது முள் ஏறத் தொடங்கியது. வெப்பம் மிகுதியாகப் பிறக்கும்போது மட்டும் நீரால் அதை வெளியேற்ற முடியவில்லை.

வரவு வழிகளையும் விடவில்லை. சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுழற்றினோம், பிரேக் பிடிக்கவில்லை. இந்த இஞ்சினின் பின்புறப் பெருஞ்சக்கரத்தில் ஒரு சிறிய எஃகுக் குண்டு பதித்திருக்கும். டைமிங் விளக்கை அடித்துச் சாளரத்தில் பார்த்தால் அந்தக் குண்டு குறிக்கு நேரே தெரியவேண்டும். தெரிந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். வெளுத்துப் போகாமல் பழுப்பாக இருந்தன. ஹெட் கேஸ்கட் வழியாக எரிவாயு நீரில் கசிகிறதா என்று அறிய ஒரு நீலத் திரவம் உண்டு. கரியமில வாயு பட்டால் மஞ்சளாகும். நீலமாகவே நின்றது.

இனி ரேடியேட்டர். இஞ்சின் சூடாக ஓடும்போது, தொடாமலே வெப்பம் அளக்கும் கருவியால் அதன் முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்தோம். ஓரங்கள் சுட்டன, நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே கிடந்தது. அங்கே வெந்நீர் செல்லவில்லை என்பது அதன் பொருள். ஆறிய பின் கழற்றி மேலிருந்து நீரை ஊற்றினோம். அருவியாய்க் கொட்டவேண்டிய நீர் நூலாய் ஒழுகிற்று. மேல் தொட்டியைப் பிரித்தோம். குழாய்களின் வாயில் செந்துருச் சேறும் வெண்ணிறப் பொருக்கும் கெட்டித்துக் கிடந்தன.

அந்தப் பொருக்கு என்ன? வண்டியின் முகப்பில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு துளி பிழிந்தேன். பொருக்கு நுரைத்துப் பொங்கியது. புளிப்பு பட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பின் கார்பனேட் உண்டு. திருஷ்டிக்காகத் தொங்கிய நாளெல்லாம் பயன்படாத எலுமிச்சை, சோதனைக்கு வந்த நொடியிலே உண்மையைச் சொல்லிவிட்டது!

பொருக்கு சொன்ன சாட்சியம்

பண்ணையின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. அதைத்தான் ஓட்டுநர் நாள்தோறும் ஊற்றி வந்தார். வேறு நீர் அவருக்குத் தரப்படவில்லை. நீர் ஆவியாகிப் போகும்; சுண்ணாம்பு தங்கிவிடும். மறுநாள் மீண்டும் நீர், மீண்டும் சுண்ணாம்பு. வெறும் நீர் பட்ட வார்ப்பிரும்பின் துருவும் அதனோடு சேர்ந்தது. நீர் ஊற்றாத வண்டியில் இவ்வளவு பொருக்கு சேர வழியே இல்லை. எந்தக் கடமையைச் செய்யவில்லை என்று அவர் கூலியை நிறுத்தினார்களோ, அந்தக் கடமையை அவர் தவறாமல் செய்தார் என்பதற்கு அடைத்துக் கிடந்த குழாய்களே சாட்சி!

உடையவரை அழைத்தோம். பொருக்கைக் கையில் கொடுத்தோம். எலுமிச்சைத் துளியையும் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பதினைந்து நாள் கூலியை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். கெஞ்சிக் கிடைக்காத நீதி, சோதித்துக் கிடைத்தது.

பட்டறையின் மூடநம்பிக்கை

இத்துடன் நிறுத்தினால் நான் நேர்மையற்றவன். மூடநம்பிக்கை பூசணிக்காயில் மட்டுமா இருக்கிறது? ஸ்பானர் பிடித்த கையிலும் இருக்கிறது. இந்த வண்டியைப் பிரித்தபோது தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முன்பொரு பட்டறையில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். "நம் ஊர்ச் சூட்டுக்கு அது எதற்கு?" என்பது எங்கள் தொழிலில் பலருடைய வேதவாக்கு. தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. குளிர்ந்த இஞ்சின் சூடேறும்வரை மூடியிருக்கும். தன்மீது பொறித்த வெப்பநிலை வந்ததும் திறக்கும். கெட்டதா, நல்லதா என்று அறிய ஒரு பாத்திரம் நீரும் ஒரு வெப்பமானியும் போதும். கதவைக் கழற்றினால் சமவெளியில் இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் வீணாகும், எண்ணெயில் ஈரம் சேர்ந்து தேய்மானம் கூடும். அடைத்த ரேடியேட்டரையோ அது திறந்துவிடாது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. "கதவு இல்லாவிட்டால் நீர் வேகமாக ஓடிவிடும், சூட்டை இறக்க நேரமிராது" என்பர். கேட்க அழகாயிருக்கிறது, ஆனால் தவறு. ரேடியேட்டரில் தங்கும் நேரம் குறைந்தால் இஞ்சினில் தங்கும் நேரமும் குறையும். அதே நீர் அடிக்கடி வந்து போகும். ஓட்டம் மிகுந்தால் வெப்பம் கைமாறுவது குறையாது. இரு கட்சியினரும் அளந்து பார்க்கவில்லை. ஒருவர் குருவை நம்பினார். மற்றவர் வேறொரு குருவை நம்பினார். பம்பை மாற்று, பெல்ட்டை மாற்று, மூடியை மாற்று என்று ஊகத்தின் பேரில் பொருளை மாற்றிக்கொண்டே போவதும் பரிகாரம்தான். கற்பூரத்துக்குப் பதில் பணம் எரிகிறது, அவ்வளவே.

செய்ய வேண்டியதை மட்டும் செய்தோம். ரேடியேட்டர் குழாய்களில் கம்பி விட்டுத் தூர்வாரி மீண்டும் ஈயம் பற்றவைத்தோம். இஞ்சினுக்குள் எதிர்த்திசையில் நீரைச் செலுத்திச் சேற்றைக் கழுவினோம். தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினோம். கிணற்று நீரை நிறுத்தி, வாலை நீரும் துருவைத் தடுக்கும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினோம். இருபது வளைவுகளையும் அதே சுமையோடு, அதே ஓட்டுநர் ஏற்றினார். முள் 185 பாரன்ஹீட்டைத் தாண்டவில்லை.

இளைஞர்களே! கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். ஆறட்டும், பிறகு திறவுங்கள். கொதிக்கும் மனத்தோடு தீர்ப்பும் எழுதாதீர்கள். அதில் வேறொருவன் வெந்துவிடுவான். பெரும்பாலும் அவன் எளியவனாயிருப்பான். வீட்டில் பால் திரிந்தால் புதிதாக வந்த மருமகள்; பள்ளியில் பிள்ளை தோற்றால் தலையெழுத்து; ஊரில் நோய் பரவினால் ஒதுக்குப்புறத்துச் சேரி; வண்டி கொதித்தால் ஓட்டுநர். காரணத்தைத் தேடாத சமுதாயம் குற்றவாளியைத் தேடும். அவனைத் தன்னினும் தாழ்ந்தவரிடையே கண்டுபிடிக்கும்.

எதையும் நம்பேன் என்று கூறிவிட்டு உட்கார்ந்திருப்பது எளிது. அது பகுத்தறிவின் வாசற்படி மட்டுமே. பேய் இல்லை என்று சொன்னவுடன் நம் வேலை தீர்ந்துவிடவில்லை; அப்போதுதான் தொடங்குகிறது. பேய் இல்லையென்றால், கொதிக்க வைத்தது எது? அந்தக் கேள்வியோடு அளவுகோலை எடுங்கள், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், முடிவு உங்கள் ஊகத்துக்கு எதிராக வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மனிதனின் பதினைந்து நாள் கூலி அந்தச் சோதனையின் முடிவில் காத்துக்கொண்டிருக்கலாம்.