நாவும் நஞ்சும்

என் தந்தையார் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தேநீரின் ருசி பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறார். ஒரு கரண்டி வடிநீரை உறிஞ்சி உமிழ்ந்த அளவிலேயே, இலை மிக வாடியதோ குறைய வாடியதோ என்று கூறிவிடுவார். ஆகவே, நாவே மனிதனுக்கு இறைவன் அளித்த காவற்காரன் என்னும் எண்ணம் இளமையிலேயே என்னுள் வேரூன்றியது.

சென்ற விடுமுறையில், செங்கல்பட்டுக் கடற்கரையிலுள்ள என் அறைத்தோழனது ஊருக்குச் சென்றிருந்தேன். குறிஞ்சியிற் பிறந்த யான் நெய்தலை நூல்களில் மட்டுமே கண்டவன். அவன் அன்னையார் மட்டிக் குழம்பு படைத்தார். மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டேன். "இதில் நஞ்சு இருப்பின் ருசியில் தெரிந்துவிடும் அன்றோ?" என்று விளையாட்டாய் வினவினேன். தோழனது பாட்டியார் நகைக்கவில்லை. "தெரியாது, தம்பி. வயலூரில் உண்டவர்களும் ருசித்துத்தான் உண்டார்கள்" என்றார்.

கல்லூரிக்கு மீண்டதும் நூல்நிலையத்தில் தேடினேன். கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் 1981ஆம் ஆண்டு மட்டி உண்டோருள் 85 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். 3 பேர் மாண்டனர். கேரளத்து விழிஞ்ஞத்தில் 1997ஆம் ஆண்டு சிப்பி உண்டோருள் 7 பேர் மாண்டனர்.

கண்ணுக்குப் புலப்படாத சில கடற்பாசி நுண்ணுயிர்களே இந்நஞ்சை உண்டாக்குவன. நீரை வடிகட்டி இரைதேடும் மட்டி, அதனைத் தன் சதையிற் சேர்த்து வைக்கின்றது. அந்நஞ்சிற்கு மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைப்பினும் அழிவதில்லை. உண்டோர்க்கு முதலில் உதடும் நாவும் மரத்துப்போம். முற்றினால் மூச்சே நின்றுவிடும். அந்தோ! யான் நம்பிய காவற்காரனே முதலில் வீழ்கின்றான்.

பின் எவ்வாறு அறிவது? கடல்நீரை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து அவ்வுயிர்களை எண்ணுவர். மட்டிச் சதையையும் சோதிப்பர். பழைய முறைப்படி, அமிலத்திற் காய்ச்சி எடுத்த சதைச்சாற்றைச் சுண்டெலிக்கு ஊசிவழி ஏற்றி, அது மடியும் நேரத்தைக் கொண்டு நஞ்சைக் கணிப்பர். 20 கிராம் எடையுள்ள எலியை 15 நிமிடத்திற் கொல்லும் அளவே ஓர் 'எலி அளவு' எனப்படும். இக்காலத்திலோ நுண்கருவிகளே நஞ்சைப் பிரித்து அளக்கின்றன. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேற்படின் விற்றலாகாது என்பது பல நாடுகள் கொண்ட வரம்பு.

இவற்றைத் தந்தையாரிடம் கூறியபோது, தம் தொழிலைக் குறைத்துப் பேசுவதாய் எண்ணுவாரோ என்று அஞ்சினேன். அவரோ கரண்டியைக் கழுவி வைத்து, "முப்பதாண்டு பழக்கியதால் என் நாவு தேயிலையை அறியும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அது கற்க வேண்டும்" என்றார்.

அன்று யான் உண்ட குழம்பு நல்லதாகவே இருந்தது. ஆயினும் அறிந்து உண்டேனல்லேன், நம்பி உண்டேன். அந்நம்பிக்கை பொய்யாவண்ணம், ஏதேனும் ஒரு சோதனைச் சாலையில் யாரோ ஒருவர் விழித்திருத்தல் வேண்டும்.