பாதிப் பாட்டு

மீடியம் வேவ் வானொலியிலும் ஸ்டீரியோ இருந்தது என்று சொன்னால் என் அலுவலக நண்பர்கள் நம்புவதில்லை. "ஏ.எம்.-லயா? கரகரன்னு கேக்குமே, அதுலயா?" என்கிறார்கள். அதிலேதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் பல வருஷம் ஓடியது. பிறகு ஒவ்வொரு நிலையமாகக் கைவிட்டது. நம் ஆகாசவாணி அந்தப் பக்கமே போகவில்லை. 1977 ஜூலை 23 அன்று சென்னையில் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. நல்ல ஒலி, இரட்டை ஒலி என்ற ஆசைகளெல்லாம் பின்னால் அந்தப் பாதையில் போய்ச் சேர்ந்தன. மீடியம் வேவ் ஒற்றையாகவே நின்றுவிட்டது.

ராஜபாளையத்தில் நான் வளர்ந்த தெருவில் இதை யாரும் ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு அது குறையே இல்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியப்பா சத்திரப்பட்டியில் தறி ஓட்டியவர். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. நாள் முழுக்க விசைத்தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு முதலில் வேண்டியது காபி இல்லை, ரேடியோ. சுவரலமாரியில், சாமி படத்துக்குக் கீழே, ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பெட்டி. முள் நிற்கும் இடங்கள் எனக்கு மனப்பாடம். திருநெல்வேலி 1197, மதுரை 1269, திருச்சி 936. ராஜபாளையத்துக்கு ஒரு விசித்திரமான இருப்பு உண்டு. நேர்க்கோட்டில் அளந்தால் திருநெல்வேலியும் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர், மதுரையும் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். இரண்டுமே எங்கள் ஊர் நிலையம் இல்லை. ஆனால் இரண்டும் வரும்.

இருட்டியதும் கொழும்பும் சேர்ந்துகொள்ளும். இங்கிருந்து சென்னையைவிடக் கொழும்பு பக்கம். நடுவில் கணிசமான தூரம் கடல். உப்புத் தண்ணீர்மேல் மீடியம் வேவ் நன்றாகவே ஓடும். பகலில் இந்த அலைகளை விழுங்கும் அயனி அடுக்கு ஒன்று வானத்தில் இருக்கிறது. சூரியன் சாய்ந்ததும் அது கரைந்துவிட, அலைகள் அதற்கும் மேலிருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். பெரியப்பாவின் தலைமுறைக்கு இலங்கை வானொலி என்றால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. என் காலத்தில் அந்தக் குரல்களைப் பற்றிய பேச்சுத்தான் மிச்சம். ஆனாலும் ராத்திரி ஒன்பதரைக்குப் பாட்டு மெல்ல அமுங்கி, காணாமல் போய், மறுபடி மேலே வருவதை நானும் கேட்டிருக்கிறேன். "கடல்ல அலை அடிக்குதுல்ல, அதான்" என்பார் பெரியப்பா. விஞ்ஞானப்படி தப்பு. ஆனால் வேறு எப்படி அதைச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது.

இப்போது ஏ.எம். ஸ்டீரியோ கதை. அமெரிக்காவில் எழுபதுகளின் முடிவில் பண்பலை மீடியம் வேவை முந்திக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்பவர்கள் அங்கே போய்விட, ஏ.எம். நிலையங்கள் எங்களுக்கும் ஸ்டீரியோ வேண்டும் என்றன. ஐந்து கம்பெனிகள் ஐந்து முறைகளோடு வந்தன. அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையமான எஃப்.சி.சி. 1980-ல் மேக்னவாக்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கி, 1982-ல் 'சந்தையே முடிவு செய்யட்டும்' என்று கையைக் கழுவிக்கொண்டது. சந்தை என்ன செய்தது? காத்திருந்தது. எந்த முறை ஜெயிக்கும் என்று தெரியாமல் ரேடியோ செய்பவர்கள் தயங்கினார்கள், ரேடியோ இல்லையே என்று நிலையங்கள் தயங்கின. சோனி எஸ்.ஆர்.எஃப்-ஏ100 என்று ஒரு கைரேடியோ போட்டது. அதில் ஒரு ஸ்விட்ச். கேட்கிற நிலையம் எந்த முறையில் ஒலிபரப்புகிறதோ அதற்கேற்ப நேயரே தள்ளிக்கொள்ள வேண்டும். பாட்டுக் கேட்க உட்கார்ந்தவனிடம் மாடுலேஷன் முறை என்ன என்று கேட்கிற கருவி! எங்கள் துறையில் இப்படி ஒரு செயலியை வெளியிட்டால் ஒரே நாளில் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

அந்த முறைகளில் எனக்குப் பிடித்தது லியோனார்ட் கான் என்பவருடையது. ஏ.எம். அலைக்கு இரண்டு பக்கப் பட்டைகள் உண்டு. சாதாரணமாக இரண்டிலும் ஒரே சங்கதிதான் போகும். கான் ஒரு பக்கம் இடது ஒலியையும் மறுபக்கம் வலது ஒலியையும் ஏற்றினார். புது ரேடியோ வாங்க வேண்டாம், இரண்டு பழைய ரேடியோ போதும். ஒன்றை நிலையத்துக்குக் கொஞ்சம் கீழேயும் இன்னொன்றைக் கொஞ்சம் மேலேயும் திருப்பி அக்கம்பக்கம் வைத்தால் ஸ்டீரியோ. ஏழை வீட்டுக்கும் கதவு வைத்திருந்தார் மனிதர். ஆனால் வென்றது மோட்டோரோலாவின் சி-குவாம். இடதையும் வலதையும் கூட்டி வழக்கம்போல அலையின் உயரத்தில் ஏற்றிவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அலையின் கட்டத்தில் ஒளித்து வைக்கிற முறை. பழைய ரேடியோ உயரத்தை மட்டும் பார்ப்பதால் அதற்கு முழுப் பாட்டும் ஒற்றை ஒலியாக வந்துவிடும். இதையே தரமுறையாக எஃப்.சி.சி. அறிவித்தபோது வருஷம் 1993. அதற்குள் கேட்பவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

ஜப்பான் 1992-ல் நேராக சி-குவாமோடு தொடங்கியது. முறைகளின் சண்டை அங்கே இல்லை. அப்படியும் 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றாக ஒற்றை ஒலிக்குத் திரும்பின. ஆக, தரமுறைக் குழப்பம் மட்டுமே ஏ.எம். ஸ்டீரியோவைக் கொன்றது என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை நான் முழுதாக ஏற்பதில்லை. குழப்பமே இல்லாத ஊரிலும் அது செத்தது.

ஆகாசவாணி அதை எடுத்து வந்திருந்தால் ராஜபாளையத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் மீடியம் வேவ் நிலையங்களுக்கு இடையே ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அதற்குள் அடங்கும் ஒலியில் மிருதங்கத்தின் அடி வரும், ஜால்ராவின் நுனி வராது. அந்த அமுங்கிய ஒலியைத்தான் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ராத்திரி இன்னும் மோசம். வானத்தில் பட்டு வரும் அலையும் நிலத்தோடு ஓடி வரும் அலையும் கலக்கும்போது முதலில் குழம்புவது அந்தக் கட்டம்தான், ஸ்டீரியோ ஒளிந்திருக்கும் அதே இடம். பாடகர் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஊஞ்சலாடுவார். அமெரிக்காவில் தொலைதூர நிலையங்களைக் கேட்டவர்கள் இந்தக் குறையைத்தான் சொன்னார்கள். மீடியம் வேவின் ஸ்டீரியோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவனுக்கானது. அவனுக்குத்தான் ஏற்கெனவே பண்பலை இருக்கிறதே. எண்பது கிலோமீட்டரிலும் அதற்கு அப்பாலும் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோவில் பக்கத்தில் அத்தை வீடு. மார்கழி விடியலில் கோவில் குழாய் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடும், அடுப்படி ரேடியோவில் இன்னொரு திருப்பாவை, இன்னொரு குரலில். ஒன்று இடது காதில், ஒன்று வலது காதில். நான் போர்வைக்குள் கிடந்து கேட்ட முதல் ஸ்டீரியோ அதுதான், கொஞ்சமும் ஒத்திசையாத ஸ்டீரியோ. அத்தையிடம் ஒன்றை நிறுத்தச் சொன்னால், "கோவிலை நிறுத்த முடியாது, ரேடியோவை நிறுத்த மாட்டேன், நீ எந்திரி" என்பாள்.

பெரியப்பாவுக்கு வருகிறேன். சின்ன வயசில் சீழ் வடிந்து அவருக்கு வலது காது போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதைத் தறி கொஞ்சம் மழுங்கடித்தது. வீட்டில் இதை ஒரு விஷயமாக யாரும் பேசியதில்லை. அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குப் பழகியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அவருக்கு ஒரு ஸ்மார்ட்போனும் இயர்போனும் வாங்கிக் கொடுத்தேன். 'ப்ரியா' பாட்டுப் போட்டேன். 1978 படம், தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாட்டுகள் என்று பெயர் பெற்றவை. அவர் அவற்றை நூறு தடவை ரேடியோவில் கேட்டவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றி அதையே உற்றுப் பார்த்தார்.

"ஏய்யா, பாட்டுல பாதியக் காணுமே. பின்னாடி ஒரு வாத்தியம் வருமே, அது எங்க?"

அது வலது பக்கம் இருந்தது. முப்பது வருஷமாக நெல்லை நிலையமும் மதுரை நிலையமும் இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒரே ஸ்பீக்கரில் கொட்டியதால் அவருக்கு முழுசாகக் கிடைத்த வாத்தியம். போனின் அமைப்புகளில் காது கேளாதோருக்கான பகுதியில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டிக் கொடுத்தேன். "ஆங், வந்துருச்சு" என்றார். வானொலி எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றை இன்று ஊனமுற்றோருக்கான சலுகையாக மெனுவின் அடியில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீரியோவுக்குப் போகாத ஆகாசவாணி, பிறகு ஒரே தாவலாக டிஜிட்டலுக்குப் போனது. டி.ஆர்.எம். என்னும் முறை. நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் அதற்காக வந்தன. அமெரிக்கா செய்த குழப்பம் இங்கே இல்லை. ஒரே முறை, அரசே தேர்ந்தெடுத்தது. பழைய ரேடியோக்கள் ஊமையாகிவிடாதபடி பல இடங்களில் அனலாக் ஒலிபரப்பையும் பக்கத்திலேயே ஓட்டினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. ஆனால் டி.ஆர்.எம். ரேடியோ எங்கே கிடைக்கும்? சில மாருதி, ஹூண்டாய் கார்களில் இருக்கிறது. ராஜபாளையம் கடைத்தெருவில் நான் கேட்ட கடைக்காரர் யாருக்கும் அந்தப் பெயரே தெரியவில்லை. தனி ரேடியோவின் விலை ஒரு தறிக்காரர் வாங்கக்கூடியதாக இல்லை. டிரான்ஸ்மிட்டருக்குக் கோடிகளை ஒதுக்கியவர்கள் ஐந்நூறு ரூபாய் ரேடியோவைப் பற்றி அதே அக்கறையோடு யோசித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சென்னையில் இருந்தபோது ஒரு சின்ன எஸ்.டி.ஆர். கருவியை லேப்டாப்பில் செருகி, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் உருவான 'ட்ரீம்' என்ற இலவச மென்பொருளில் டி.ஆர்.எம். பிடித்தேன். பிரமாதமான ஒலி. கரகரப்பே இல்லை. மாடியில் லிஃப்ட் மோட்டார் ஓடியது. ஒலி நின்றது. குறையவில்லை, தேயவில்லை, அறுந்தது. அனலாக்கில் இரைச்சல் ஏறும், பாட்டு அதற்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், காது தேடிப் பிடித்துக்கொள்ளும். டிஜிட்டலில் ஒரு விளிம்பு உண்டு, அதைத் தாண்டினால் மௌனம்.

அந்த மோட்டார்தான் உண்மையில் மீடியம் வேவின் பகை என்று அப்போது உறைத்தது. 2019-ல் ஊருக்குப் போனபோது பெரியப்பா, "ஸ்டேஷன்காரன் சரியா வைக்கமாட்டேங்கான்" என்று புலம்பினார். ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். எல்.இ.டி. பல்புக்குக் கீழே ஒரு சீறல். போன் சார்ஜர் பக்கத்தில் ஒரு ரீங்காரம். இன்வெர்ட்டர் அருகே 1197 இருக்கும் இடமே தெரியவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்தேன். பாதி இரைச்சல் போயிற்று. மிச்சம் பக்கத்து வீடுகளுடையது. அவற்றின் மெயினை யார் அணைப்பது?

பெரியப்பாவுக்கு உடனே நினைவு வந்தது 2012. தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரன்ட் இல்லாத வருஷம். தறி நின்றது, கூலி நின்றது, ஊரே திட்டியது. "ஆனா அந்த வருஷம் ரேடியோ மாதிரி என்னைக்கும் கேக்கல" என்றார். தெரு முழுக்க இருட்டு, பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி, நெல்லை நிலையம் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல. வேலையும் இல்லாத ராத்திரிகள் என்பதால் விடிய விடியக் கேட்டிருக்கிறார். பெரியம்மா உள்ளேயிருந்து, "அந்த வருஷம் அடகு வச்ச வளையலை மீட்டது எப்பன்னு கேளு" என்றாள்.

இனி மீடியம் வேவுக்குப் பணம் வராது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒலி, ஒளிபரப்பு உள்கட்டமைப்புக்கு 2,539 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, அதன் இலக்கு ஆகாசவாணியின் பண்பலையை மக்கள்தொகையில் 80 சதவீதத்துக்குக் கொண்டுபோவது. எங்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5-ல் வரும் கோடை பண்பலை இங்கே நன்றாகவே கேட்கும். 2024 ஆகஸ்டில் தனியார் பண்பலைக்கென 234 புதிய நகரங்களின் பட்டியல் வந்தது. ராஜபாளையமும் அதில் உண்டு. ஒருநாள் ஏலம் போய், எங்கள் ஊருக்கென்றே ஒரு நிலையம் வரலாம், ஸ்டீரியோவிலேயே.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு, போனை இடது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்.

"நம்ம ஊரு நியூஸ் சொல்வாங்களா?"

தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரிக்க இந்தியாவில் அனுமதியில்லை. ஆகாசவாணி செய்தியை வேண்டுமானால் அப்படியே ஒலிபரப்பலாம். மழை, போக்குவரத்து, தண்ணீர் வராத நாள், இதெல்லாம் சொல்லலாம் என்றேன்.

"தண்ணி வராததுதானப்பா நியூஸ்" என்றார்.