கடனும் விசாரிப்பும்

யாழ்ப்பாணத்தார் விசாரிப்பதில் வல்லவர். திருமணப் பேச்சு ஒன்று எழுந்துவிட்டால் பெண்ணின் பகுதி, காணி பூமி, தாயின் குணம், பாட்டன் நடத்திய எல்லை வழக்கு என யாவும் மூன்று நாட்களுக்குள் மாப்பிள்ளை வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்துவிடும். இவ்விசாரிப்பிலே ஒரு விசித்திரம் உண்டு. விசாரித்து அறியப்பட்டவை மாத்திரமன்றி, விசாரித்தார்கள் என்பதே தனியொரு செய்தியாகிவிடுகின்றது. நான்கு வீட்டார் வந்து போயும் ஒன்றும் ஒப்பேறவில்லையாயின், ஐந்தாம் வீட்டார் பெண்ணைப் பற்றிக் கேட்பதன் முன் அந்த நால்வரைப் பற்றியே கேட்பர். சாதகம் பொருந்தாமை, சீதனப் பேரம் முறிந்தமை, மாப்பிள்ளையின் விசா தாமதித்தமை என அவரவர்க்கு ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். காரணங்கள் மறைந்துபோக, எண்ணிக்கை மட்டும் பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

இதே நியாயம் வங்கிக் கருமபீடத்திலும் வழங்குவதை என் அக்கா நிமித்தமாக அறிய நேர்ந்தது. அவர் வலிகாமத்தில் ஓர் ஆசிரியை. எனக்கொரு மடிக்கணினியை வட்டியில்லாத் தவணையில் வாங்கும் எண்ணத்துடன் கடனட்டை எடுக்க முனைந்தார். பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்த இரு வங்கிகளின் பிரதிநிதிகள் நீட்டிய படிவங்களில் ஒரே நாளிற் கையொப்பமிட்டார். எது முதலில் வருகின்றதோ அதனை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. பின்னர் மற்றுமொரு வங்கிக்குத் தாமே சென்று விண்ணப்பித்தார். ஒன்று மிகச் சிறிய வரையறையுடன் அட்டை தந்தது. ஒன்று மறுமொழியே தரவில்லை. மூன்றாவது வங்கியின் உத்தியோகத்தர் குரலைத் தாழ்த்தி, "மூன்று கிழமைக்குள்ளை மூன்று இடத்திலை கேட்டிருக்கிறியள் ரீச்சர், ஏதும் காசு நெருக்கடியோ?" என்றாராம். ஒரு நாளேனும் தவணை பிந்தாதவர் அவர். வீடு வந்து எங்களிடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்: "அங்கையும் நாலு பேர் பார்த்திட்டுப் போன கதைதான்." அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. அச்சிரிப்பில் அம்மா கலந்துகொள்ளவில்லை.

அந்த உத்தியோகத்தருக்கு இச்செய்தி எங்கிருந்து கிட்டியது? இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து. எம்மவர் வாயில் இது 'கிறிப்' எனச் சுருங்கி, 'கிறிப்பிலை பேர் விழுந்திட்டுது' என்றொரு மரபுத்தொடராகவும் வளர்ந்துவிட்டது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டு அவ்வாண்டிலேயே இயங்கத் தொடங்கிய இப்பணியகம், தென்னாசியாவில் இவ்வகையில் முதலாவதாகும். இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பணியகம் பிறந்த அதே 1990இல் மீண்டும் போர் மூண்டு குடாநாடு ஏனைய பகுதிகளினின்றும் துண்டிக்கப்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது. 2009இன் பின் ஏ9 வீதி வழியே வங்கிக் கிளைகளும் குத்தகைக் கம்பெனிகளும் திரண்டு வந்தபோதுதான் எமது ஊர்களிற் பலர் தமக்கு அப்படியொரு பெயரேடு உண்டென்பதை உணர்ந்தனர்.

பணியகம் எவருக்கும் கடனை மறுப்பதில்லை. கறுப்புப் பட்டியல் எதனையும் அது வைத்திருப்பதுமில்லை. கடன் கொடுத்த நிறுவனங்கள் அனுப்பும் தகவல்களைத் திரட்டி, கடன் கொடுக்க எண்ணும் நிறுவனங்களுக்கு அளிக்கின்றது; அவ்வளவே. தீர்மானம் வங்கியினுடையது. ஆயின் அவ்வறிக்கையில் ஒருவர் பெற்ற கடன்கள், கட்டிய விதம், பிணை நின்றவை என்பவற்றோடு, எந்நாளில் எவ்வகை நிறுவனம் அவரைப் பற்றி விசாரித்தது என்பதற்கும் ஒரு பகுதி உண்டு. நாம் படிவத்திற் கையொப்பமிட, வங்கி வினவுகின்றது, வினவியமை பதிவாகின்றது, அடுத்து வினவும் வங்கி அதனையும் வாசிக்கின்றது. விசாரிப்பின் முடிவு யாதாயிற்று என்பது மட்டும் அங்கே இராது. மாப்பிள்ளை வீட்டார் நால்வர் வந்தனர் என்பது போலவே இதுவும்.

மேலை நாடுகளில் இவ்வழக்கம் எண்கணிதமாகவே ஆக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1989இல் அறிமுகமான பைக்கோ புள்ளி முறையில், புதிய கடன் நாடுதல் என்னும் கூறுக்குப் பத்து வீத நிறை கொடுக்கப்பட்டிருக்கின்றது. கடன் வேண்டி விண்ணப்பித்ததால் எழும் விசாரிப்பு வன்மையானது. ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பார்ப்பது மென்மையானது, அதனாற் புள்ளி குறைவதில்லை. வன்மையான விசாரிப்பு ஒன்றினாற் பெரும்பாலும் ஐந்துக்கும் குறைந்த புள்ளிகளே இழக்கப்படும்; இரண்டாண்டுகள் அது ஏட்டில் நின்றாலும் ஓராண்டே கணக்கிற் கொள்ளப்படும். வீட்டுக்கடனுக்கோ வாகனக்கடனுக்கோ குறுகிய காலத்துட் பல இடங்களிற் கேட்டால், மலிவான வட்டியைத் தேடுகின்றார் எனக் கருதி அவற்றை ஒன்றாகவே எண்ணுவர். கடனட்டைக்கு அச்சலுகை இல்லை. நான்கு அட்டைக்கு விண்ணப்பித்தால் நான்கு விசாரிப்பே. வீடு ஒன்றுதான் வாங்குவான், அட்டையோ நான்கும் வாங்கக்கூடும் என்பது அவர்தம் தருக்கம், மறுப்பதற்கில்லை. ஸ்காபரோவில் வாழும் என் மச்சான், கனடா சென்ற முதலாண்டிலேயே கடைதோறும் 'இன்றே அட்டை எடுத்தால் விலைக்கழிவு' என்று அழைத்த காசாளர்களுக்கெல்லாம் தலையசைத்துவிட்டு, கார்க்கடன் கேட்கப் போனபோது இவ்வாய்ப்பாட்டை ஒப்புவிக்கக் கற்றுக்கொண்டார். ஈக்குவிபக்ஸ் நிறுவனத்தின் கனடிய ஏட்டில் இவ்விசாரிப்பு மூன்றாண்டுகள் நிற்கும்.

ஆறோ அதற்கு மேலோ விசாரிப்புகள் உடையோர், விசாரிப்பே இல்லாதாரைவிட எட்டு மடங்குவரை வங்குரோத்து அடையும் வாய்ப்புள்ளவர் என்பது பைக்கோ நிறுவனத்தார் கூற்று. இருக்கலாம். நூறாயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கையில் மெய்யாக உள்ளதொன்று, கருமபீடத்தின் முன் அமர்ந்திருக்கும் ஒரு ரீச்சருக்கும் மெய்யாக வேண்டுமென்பதில்லை. இதனைப் பொருளியல் துறை நண்பரொருவரிடம் கூறியபோது, "வங்கிக்கு ரீச்சர் வேண்டாம், நூறாயிரம் பேர்தான் வேண்டும்" என்றார். கலைப்பீடத்து மாணவனாகிய எனக்கு அவ்விடையில் இன்றும் மனம் நிறைவதில்லை.

எனினும் விசாரிப்பே வேண்டாமென்று வாதிடவும் என்னால் இயலவில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றி, அடைவு, வட்டிக்கடன் ஆகியன இடம்பெற்றுள்ளன. கடன்பட்டு வாழ்தல் எமக்குப் புதிதன்று. அயலிற் கைமாற்று வாங்கினால் அயலே அறியும். சீட்டுப் பிடிப்பவர் ஆளை அறிந்தே சேர்த்துக்கொள்வார். அவ்வறிதல் இல்லாதவிடத்து நேர்வதையும் கண்டோம். போர் முடிந்தபின் வீடு வீடாக வந்த நுண்கடன் நிறுவனங்கள், ஒன்று கொடுத்ததை மற்றொன்று அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ கொடுத்தன. ஒரு கடனின் கிழமைத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எமது ஒழுங்கையிலும் இருந்தனர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் 2018இல் அறிவிக்கும் நிலை வந்தது. அப்பெண்களைப் பற்றி எவரேனும் சரிவர விசாரித்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. என் மனக்குறை விசாரிப்பின் மேலன்று. விசாரிக்கப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல அங்கே ஒரு வரியும் இல்லாமையின் மேலேயே.

அக்கா பின்னர் தமது அறிக்கையைத் தாமே கேட்டுப் பெற்றார். மூன்று விசாரிப்புகளும் தேதியோடு இருந்தன. அவற்றினும் அவரைத் திகைக்கச் செய்தது வேறொன்று: முன்னொருகால் உடன் கற்பிப்பவர் ஒருவருக்குப் பிணை நின்ற கடனில் இரு தவணைகள் பிந்தியிருந்தன. அந்த ஆசிரியை நாள்தோறும் அவருக்கருகே அமர்ந்து சோறு உண்பவர், ஒருநாளும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நிலுவை தீர்க்கப்பட்டது. அதை எவர் தீர்த்தார் என்பதை வீட்டில் நாங்களும் விசாரிக்கவில்லை.

இப்பொழுது கூரை வேலைக்கு வீட்டுக்கடன் தேவைப்படுகின்றது. வட்டி வீதம், தவணைக் காலம், பிணை ஆகியவற்றை ஐந்து வங்கிகளில் வாயாற் கேட்டறிந்தார். வாயாற் கேட்பது எங்கும் பதிவாவதில்லை. அதன்பின் ஓர் இடத்தில் மட்டும் கையொப்பமிட்டார். காணியையும் வீட்டையும் பார்வையிட மதிப்பீட்டாளர் வரும் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.