முள்ளந்தண்டு நீர் தந்தவர்களுக்கு

பெயர் அறியாத உங்களுக்கு,

இந்த மடலை எழுதப்போகிறேன் என்றதும் அப்பா கேட்ட முதற் கேள்வி, "விலாசம்?" வடமராட்சியில் முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர் வேறென்ன கேட்பார். விலாசமும் இல்லை, பெயரும் இல்லை என்றேன். "அப்ப அது போய்ச் சேராது, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். அவர் சொல்வது சரி. ஆனாலும் எழுதுகிறேன்.

மூளையில் கட்டியோடோ வேறு நோயோடோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த நேரத்தில், "உங்கள் முள்ளந்தண்டிலிருந்து எடுக்கும் நீரில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா?" என்று யாரோ வந்து கேட்டார்கள். நீங்கள் ஓம் என்றீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு பலனும் இல்லை என்பதை சம்மதப் படிவமே சொல்லியிருக்கும். அந்த ஓமுக்காகத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு வந்ததைக் குறுக்கெழுத்துத்தான் காட்டிக்கொடுத்தது. இங்கே ரொறொன்ரோவில், ஸ்காபரோக் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகைகளின் புதிர்களை ஒரு கட்டமும் விடாமல் நிரப்புகிறவர், ஒரு மாசி மாதத்தில் மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தார். வயதுதானே என்று நினைத்தோம். இரண்டு கிழமையில் வலது கால் இழுக்கத் தொடங்கியது. ஸ்கானில் மூளையின் ஆழத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. வீக்கம் வடிய ஸ்ரீரொயிட் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அப்பா எழுந்திருந்து தேத்தண்ணி கேட்டார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் டொக்டர்களின் முகத்தில் அது இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. மூளையில் வரும் நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்போமா, ஸ்ரீரொயிட் பட்டதும் பலவேளை கரைந்து மறையும். ஆனால் அது குணமாவதில்லை, சிலகாலம் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் இதைப் பேய்க்கட்டி என்பார்களாம். எங்கள் ஊரில் என்றால் கள்ளன் என்றே பேர் வைத்திருப்போம். கள்ளன் ஒளிந்திருக்கும்போது மண்டையோட்டில் துளையிட்டு ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தால், அதில் செத்த கலங்களும் அழற்சியும் மட்டுமே அகப்படக்கூடும். அப்பாவுக்கும் அப்படியே ஆயிற்று. பயொப்சி அறிக்கையில் திடமான முடிவு எதுவும் இல்லை. ஸ்ரீரொயிட்டை மெல்ல நிறுத்திக் காத்திருந்தோம். கால் மறுபடி இழுத்தது. இன்னொருமுறை துளையிடுவதா என்ற பேச்சு வந்தபோதுதான், முதலில் முள்ளந்தண்டு நீரைப் பார்ப்போம் என்றார்கள்.

தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் "மூளைய முண்ணாண் பாய்பொருள்" என்று பாடப்புத்தகத் தமிழில் விளக்கினார். அப்பா என்னைப் பார்த்து, "என்ன பாயப்போகுது?" என்றார். நான் வேறுமாதிரிச் சொன்னேன். மூளையும் முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்பு வடமும் ஒரு தெளிந்த நீரில் மிதக்கின்றன. வளர்ந்த ஒருவரிடம் அது ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் இருக்கும், ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அளவு. நாளொன்றுக்கு அரை லீற்றர்வரை புதிதாக ஊறும். மூளையில் இருக்கும் கட்டி தன் குப்பையை அந்த நீரிலும் கொட்டும்.

அந்த நீரை எடுக்க முதுகில் ஊசி போடவேண்டும். முதுகில் ஊசி போட்டால் இடுப்பு விழுந்துவிடும் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் ஊறியது. அப்பாவுக்கும் இருந்தது. ஆனால் நரம்பு வடம் இடுப்புக்கு மேலேயே, முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே போகிறது. 1891இல் ஜேர்மனியில் ஹைன்ரிக் குவின்க்கே செய்து காட்டிய முறை, இன்றும் அடிப்படையில் அதேதான். சிலருக்குப் பிறகு தலையிடிக்கும். அப்பாவுக்கும் இரண்டு நாள் தலையிடித்தது. ஆனால் ஒன்று: மூளைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் இந்த ஊசியே ஆபத்து. ஸ்கானைப் பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும், சிலருக்குப் போடவே கூடாது. உங்களில் யாருக்கும் அப்படி ஆகியிருக்காது என்று நம்புகிறேன்.

அப்பா பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை நெஞ்சோடு அணைத்து, சுருண்டு கிடந்தார். சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் பச்சைத்தண்ணி போலவே இருந்தது. அந்த நீரின் கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டுப் பார்த்து, ஒரே அச்சில் வார்த்த பி கலங்கள் (நிணநீர்க் கலங்களில் ஒருவகை) அதில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். லிம்போமா. இரண்டாம் துளை தேவைப்படவில்லை.

அப்பாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். பலருக்கு அந்த நீரில் புற்றுக்கலமே அகப்படாது. நுண்நோக்கியில் தேடினால் தவறவிடுவதே அதிகம். கலம் இல்லாவிட்டாலும் அதன் தடயம் இருக்குமா என்று தேடியவர்களுக்குத்தான் உங்கள் நீர் வேண்டியிருந்தது.

லிம்போமாவின் பி கலங்கள் இன்ரர்லூக்கின்-10 என்ற புரதத்தைச் சுரக்கும். சி.எக்ஸ்.சி.எல்.13 என்ற இன்னொரு புரதம் பி கலங்களைக் கூவி அழைக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் ரூபன்ஸ்ரைன் குழுவினர் 220 பேரின் முள்ளந்தண்டு நீரில் இந்த இரண்டையும் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டும் ஒருங்கே உயர்ந்திருப்பதை மூளை லிம்போமாவின் அடையாளமாக வைத்தால் அந்தச் சோதனையின் தனித்துவம் 99.3 சதவீதம், அதாவது லிம்போமா இல்லாதவர்களில் ஏறக்குறைய எல்லாரையும் அது சரியாக விலக்கிவிடும். அந்த 220 பேரில் லிம்போமா இல்லாதவர்களும் இருந்தார்கள். வேறு நோயோடு வந்து, தங்களுக்கு இல்லாத நோயைக் கண்டுபிடிக்க நீர் தந்தவர்கள். நோயில்லாதவரின் அளவு தெரியாமல் நோயுள்ளவரின் அளவுக்கு எல்லைக்கோடு போட முடியாது. உங்களில் அவர்களுக்கு என் நன்றி ஒருபிடி அதிகம். இன்னொரு தடயம் எம்.வை.டி.88 என்ற மரபணுவில் வரும் ஒற்றைப் பிழை. புரதத்தின் 265ஆம் இடத்தில் லூசின் இருக்கவேண்டிய இடத்தில் புரோலின் வந்துவிடுகிறது. மூளை லிம்போமாக்களில் பெரும்பான்மையில் இந்தப் பிழை உண்டு. சிதைந்த கலங்கள் விட்டுப்போன டி.என்.ஏ. துணுக்குகளில் அதைத் தேடலாம்.

எங்கள் நகரத்துக்கு வருகிறேன். யுனிவர்சிற்றி அவெனியூவில் இருக்கும் பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் நிலையத்தில் டானியல் டி கார்வாலோவின் குழுவினர், கலத்துக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளின் மெதைல் குறிகளைப் படிக்கும் முறை ஒன்றை உருவாக்கி 2018இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு வகைக் கலமும் தன் டி.என்.ஏ.யில் தனக்கென்று ஒரு கோலம் போட்டு வைத்திருக்கும். கோலத்தைப் பார்த்தால் எந்த வீடு என்று சொல்லிவிடலாம். நரம்பியல் அறுவை மருத்துவர் கெலாரே சாதேயின் ஆய்வகத்திலிருந்து ஜெஃப்ரி சுக்காட்டோவும் மற்றவர்களும் அதே முறையை முள்ளந்தண்டு நீரில் செய்து 2023இல் எழுதினார்கள். வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்று, மூளையிலேயே தோன்றும் கிளியோபிளாஸ்ரோமா, லிம்போமா ஆகிய மூன்றையும் நீரை மட்டும் வைத்துப் பிரித்தறிய முயன்ற ஆய்வு அது. இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு. கிளியோபிளாஸ்ரோமா என்றால் முடிந்தவரை வெட்டி எடுக்கப் பார்ப்பார்கள். லிம்போமாவை வழமையாக வெட்டுவதில்லை, மருந்துதான். பிரித்தறியாமல் கத்தியை எடுப்பதா வைப்பதா என்று முடிவெடுக்க முடியாது. இது ஆய்வு, அப்பாவுக்குச் செய்த சோதனை அல்ல. ஆனால் நாளைக்கு வேறொருவரின் அப்பாவுக்கு இருக்கலாம்.

இதே நகரத்தில், ரொறொன்ரோ ஜெனரல் ஆஸ்பத்திரியில், 1922 ஜனவரி 11ஆம் தேதி லெனர்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அவன் பெயரை உலகம் அறியும். உங்கள் குழாய்களில் ஒட்டியிருந்தவை வெறும் எண்கள். அந்தரங்கம் காக்க அப்படித்தான் இருக்கவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

அப்பாவுக்கு ஏற்றிய மெதொற்றெக்சேற் மஞ்சள் நிறம். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடையைத் தாண்ட வேண்டுமென்பதால் பெரிய அளவில் கொடுத்து, மறுநாள் லூக்கோவொரின் என்ற முறிப்பானையும் கொடுப்பார்கள். நஞ்சும் முறிப்பும் ஒரே கையால். அந்த மருந்தின் வம்சத்தைத் தேடினால் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவிடம் போய் நிற்கும். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு உருவாக்கிய அமினொப்ரெறினைத்தான் சிட்னி ஃபார்பர் என்ற டொக்டர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து 1948இல் எழுதினார். மெதொற்றெக்சேற் அதன் தம்பி. அதே வருடம் சுப்பாராவ் காலமானார். மருந்துப் பை தொங்கிக்கொண்டிருந்தபோது இதை அப்பாவுக்குச் சொன்னேன். "மதராஸ்காரனோ?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

இன்னொருமுறை நீர் எடுக்கவேண்டி வந்தபோது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் படிவத்தோடு வந்தார். ஊசி ஏற்கெனவே சிகிச்சைக்காகப் போடுவதுதான், இன்னும் சில மில்லிலீற்றர் மட்டும் கூடுதலாக, மறுத்தாலும் பராமரிப்பில் குறை வராது என்றார். மொழிபெயர்ப்பாளர் முழுதும் வாசித்தார். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், மெலிந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். அப்பா என்னைக் கேட்கவில்லை. "இறைக்கிற கிணறுதானே ஊறும், எடுக்கட்டும்" என்றார். தமிழில் கையெழுத்துப் போட்டார், தபாலதிபர்களுக்கே உரிய, கோடு தவறாத கையெழுத்து.

குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும்தான் என்று உதவியாளர் சொன்னபோது, "பதிவுத் தபாலுக்கும் இலக்கம்தான்" என்றார்.

இப்போது அவரும் உங்களில் ஒருவர். கடைசி எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. அடுத்தது ஐப்பசியில். குறுக்கெழுத்தில் ஒன்றிரண்டு கட்டங்கள் வெறுமையாக நிற்கின்றன, அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.


ஒரு தபாலதிபரின் மகள்
ஸ்காபரோ, ரொறொன்ரோ