லட்சுமியின் கடன் கணக்கு

வருஷத்துக்கு ஒரு கன்று என்றால் கணக்கு சுலபம். 365 நாளில் சினைக்காலம் சுமார் 280 போக மிச்சம் 85. அதற்குள் மாடு மறுபடி சினை பிடித்தாக வேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. கன்று போட்ட நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்துக்குப் போய்விடும். பசியோ அதற்கும் சில வாரம் கழித்துத்தான் முழுசாகத் திரும்பும். துண்டு விழுவதற்கு உடம்புக் கொழுப்பைக் கரைத்துச் சரிக்கட்டுகிறது மாடு. அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பு சேரும்; கீட்டோசிஸ் வரும். சினைமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோனும் குறைய, பருவம் தள்ளிப்போகும்.

சித்தப்பா வீட்டு ஜெர்சிக் கலப்பு லட்சுமி, எலும்பு தெரிய இளைத்தும் 12 லிட்டர் கறந்தாள். மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. "மலட்டு மாடுப்பா, தள்ளி விட்டுடலாம்" என்றார் சித்தப்பா. தரகர்கூட வந்து விலை பேசிவிட்டார்!

மாட்டு டாக்டர் இடுப்பு எலும்பைத் தடவிப் பார்த்தார். "மலடெல்லாம் இல்லீங்க. மாடு கடன்ல ஓடுது. தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. திடீர்னு கொட்டினா வயிறு கெட்டுடும்."

உடம்பு தேறியது. நாலாவது ஊசியில் சினை நின்றது.

லட்சுமியின் பட்ஜெட்டில் முதல் செலவு மடியிலிருக்கும் கன்றுக்கு. பிறகு தன் உடம்புக்கு. அடுத்த கன்று கடைசியில்தான். பாலை மட்டும் அளக்கிற நாம்தான் அவளுக்கு மலடி பட்டம் கட்டுகிறோம்!