மாலை ஏழு மணி யூனிட்

சூரிய மின்சாரமா கரி மின்சாரமா என்ற பேச்சு பெங்களூருவின் காக்ஸ் டவுனில் எழுந்தாலும் சரி, சட்டமன்றத்தில் எழுந்தாலும் சரி, கடைசியில் யூனிட் விலையில்தான் போய் நிற்கிறது. அந்தக் கணக்கில் சூரியன் எப்போதோ ஜெயித்தாகிவிட்டது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் ஒரு யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கியது. இனிமேல் கட்டப்படும் எந்த அனல் மின் நிலையமும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் லோட் டெஸ்பாட்ச், அதாவது தேவைக்கேற்ப மின் நிலையங்களை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒப்பீடு அரைகுறையானது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடம் கொண்ட 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஷெட்யூல் போடுவதுதான் எங்கள் தொழில். மதியம் பன்னிரண்டு மணித் துண்டில் வரும் யூனிட்டும் மாலை ஏழு மணித் துண்டில் வரும் யூனிட்டும் மீட்டரில் ஒன்றுதான்; எங்கள் மேசையில் அவை வேறு வேறு சரக்கு. எந்த நிலையம் நல்லது என்பதைவிட, எந்த நேரத்துக்கு எந்த நிலையம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்பது என் வாதம்.

கர்நாடகத்துக்கு இந்த விவகாரம் புதிதல்ல. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் கோலார் தங்க வயலுக்குப் போனது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் பாடுபட்ட அந்தச் சுரங்கங்களுக்குத்தான் முதல் கரண்ட். பெங்களூரு நகரத்துக்கு விளக்கு வந்தது 1905-இல். அதன்பின் எண்பது ஆண்டுகள் இந்த மாநிலம் ஏறக்குறைய முழுக்கவே தண்ணீரில் ஓடியது. இன்றைய சொல்லில் சொன்னால், முழுப் புதுப்பிக்கத்தக்க மாநிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டுதான் அதற்குக் கொடுத்த விலை. 1985-இல் ராய்ச்சூரில் முதல் அனல் அலகு ஓடத் தொடங்கியது மழையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால்தான். கரி இங்கே காப்பீடாக வந்தது. பிறகுதான் அது அன்றாடச் சோறாக மாறியது.

இப்போது பாவகடாவையும் ராய்ச்சூரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தும்கூர் மாவட்டத்துப் பாவகடா சூரியப் பூங்கா 2,050 மெகாவாட், ராய்ச்சூர் 1,720. காகிதத்தில் சூரியன் பெரியது. ஆனால் சூரியத் தகடு ஆண்டு முழுவதற்குமான தன் திறனில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் தரும். பாவகடாவின் ஆண்டு விளைச்சல் 400 கோடி யூனிட்டை ஒட்டி வரும். ராய்ச்சூரை எழுபது சதவீதத்தில் ஓட்டினால் ஆயிரம் கோடியைத் தாண்டும். இதைக் காட்டிச் சூரியனை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. அது தவறான முடிவு. கரியில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகிறது, சாம்பல் தனி. பாவகடாவின் ஒவ்வொரு யூனிட்டும் அந்த ஒரு கிலோவைத் தவிர்க்கிறது. சிக்கல் அளவில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. மாலையில் மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஓரிரு மணி நேரத்தில் கரைந்துபோகும்; விளக்கும் சமையலறையும் ஏசியும் ஏறுவதும் அதே நேரத்தில்தான். கரி அலகால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. 210 மெகாவாட் அலகைப் பகலில் பாதி வரைக்கும் இறக்கிப் பிடித்து வைத்திருக்கலாம். அணைத்துவிட்டால் பிழைப்பு போச்சு, ஆறிப்போன கொதிகலனை மறுபடி ஏற்றப் பல மணி நேரம் ஆகும்.

இந்த இடைவெளியை நிரப்புவது ஷராவதி. லிங்கனமக்கி அணையின் நீரில் ஓடும் 1,035 மெகாவாட் நிலையம், கேட்டால் சில நிமிடங்களில் கொடுக்கும், வேண்டாமென்றால் உடனே நிறுத்தும். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடே ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தபோது தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது. அதிர்வெண்ணைக் கைக்குள் வைத்ததில் பெரும்பங்கு நாடெங்குமுள்ள நீர்மின் நிலையங்களுடையது. சூரிய மின்சாரத்தின் உண்மையான லாபமும் இங்கேதான் இருக்கிறது என்பேன். பாவகடா மதியம் தரும்போது லிங்கனமக்கியின் நீர் இறங்காமல் தங்குகிறது. மதிய வெயில் பம்பு இல்லாமலே மாலைத் தண்ணீராகிறது. விலைப் பட்டியலில் இந்த வரவு எங்கும் எழுதப்படுவதில்லை.

அணையிலேயே தண்ணீர் இல்லாவிட்டால்? நியாயமான கேள்வி, 2023 அதற்குச் சாட்சி. மழை பொய்த்தது, அக்டோபரிலேயே பம்புசெட்டுகள் முழு மூச்சில் ஓடின, தேவை கோடைக்காலம்போல் எகிறியது, அணைகளில் நீர் குறைவு. உத்தரப் பிரதேசத்திடமும் பஞ்சாபிடமும் கைமாற்றாக மின்சாரம் வாங்கிப் பிறகு திருப்பிக் கொடுக்க மாநிலம் ஏற்பாடு செய்தது. அப்படிப்பட்ட மாதங்களில் ராய்ச்சூர், பல்லாரி அனல் நிலையங்கள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஆகவே இருக்கிற கரி நிலையங்களை இடித்துவிடு என்பதை நான் ஏற்கவில்லை. புதிதாகக் கட்டு என்பதையும் ஏற்கவில்லை. கட்டிய நிலையம் சும்மா நின்றாலும் நிலைக் கட்டணம் கொடுக்கிறோமே, அது வீண் செலவல்லவா என்பார்கள். காப்பீட்டுத் தவணையை யாரும் வீண் என்று சொல்வதில்லை. யூனிட்டுக்குப் பணம் என்ற பழைய கணக்கை விட்டு, தயாராக நிற்பதற்கும் சீக்கிரம் ஏறி இறங்குவதற்கும் பணம் என்று மாற்றினால் கரி குறைவாகவே எரியும்.

சேமிப்பு வந்துவிட்டால் கரியே வேண்டாம் என்பது அடுத்த வாதம். திசை சரி. ஆனால் ஷராவதிப் பள்ளத்தாக்கில் திட்டமிட்டிருக்கும் 2,000 மெகாவாட் நீரேற்று நிலையம் சிங்கவால் குரங்குகளின் சரணாலயத்துக்குள் வருகிறது. லிங்கனமக்கியில் நிலம் முழுகியவர்களின் பட்டா வழக்கு அறுபது ஆண்டுகளாகியும் தீரவில்லை. பசுமை என்று பெயர் வைத்துவிட்டதால் இழப்பு இல்லாமல் போகாது. பாவகடாவில் நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தது நல்ல ஏற்பாடு, நில உரிமையாளருக்கு ஆண்டுதோறும் பணம் வருகிறது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு வருவதில்லை. பேட்டரி விலை இறங்கிக்கொண்டிருக்கிறது, மாலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அதுவே போதும். மழை பொய்த்த ஒரு பருவத்தைத் தாண்ட அது உதவாது.

இவ்வளவு பெரிய நிலையங்களைப் பேசும்போது கணக்கிலேயே வராத ஒரு சேமிப்பு பெங்களூருவின் மொட்டை மாடிகளில் இருக்கிறது: சூரிய வெந்நீர்த் தொட்டி. நேற்றைய வெயிலைத் தொட்டியில் வைத்திருந்து, மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன், தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்குகிறது. ஒரு கீசர் 2 கிலோவாட். ஒரே நேரத்தில் ஓடும் ஒரு லட்சம் கீசரை நிறுத்தினால் 200 மெகாவாட், அதாவது ஏறத்தாழ ராய்ச்சூரின் ஓர் அலகு. காக்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீடுகளும் பங்களாக்களும் இடிந்து அடுக்குமாடிகள் எழும்போது, ஒரு மாடியைப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் பங்கு போட வேண்டியிருக்கிறது. தொட்டி வைக்க இடமில்லாமல் கீசர் திரும்பி வருகிறது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் அந்த 200 மெகாவாட்டை யாராவது கேட்டால், மாலைக்கும் காலைக்கும் நாங்கள் போடும் ஷெட்யூல் வேறு மாதிரி இருக்கும்.