தண்ணீர் இல்லாத தலைக்குளியல்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

தண்ணீர் தொடாமல் தலையைச் சுத்தம் செய்யும் உலர் ஷாம்பு என்று ஒன்று உண்டு. சென்ற கோடையில் என் அம்மா காலை முறித்துக்கொண்டு கட்டிலில் விழுந்த பிறகே நான் அதை அறிந்தேன்.

அம்மா நம்மூர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைக்குப் பிசிறு சுரண்டுகிறாள். பாரிஸ் சாந்து அச்சில் களிமண் கூழை ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். பொம்மை ஓடுபோல நிற்கும். காய்ந்ததும் ஓரத்துப் பிசிறைச் சுரண்ட வேண்டும். அப்போது பறக்கும் வெள்ளைத் தூசி நேரே தலையில்தான் இறங்கும். (மூக்கிலும் இறங்கும், அது வேறு கதை.) மாலையில் வீடு திரும்பியதும் அவளுடைய முதல் வேலை, தலையை அலசுவதுதான். சோறு அப்புறம்!

வாசற்படியில் வழுக்கி விழுந்தவளுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. வேலையிலும் பாரிஸ் சாந்து, காலிலும் பாரிஸ் சாந்து! கட்டு நனையக் கூடாது. காலை ஊன்றவும் கூடாது. அப்பா கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டு அத்தை தலை அலசிவிட வந்தபோது, "அடுத்தவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அம்மா மறுத்துவிட்டாள். பத்தாம் நாள் முதல், யார் வந்தாலும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வகுப்புத் தோழி ஒருத்தி உலர் ஷாம்பு பற்றிச் சொன்னாள். கடையில் விசாரித்தேன், டப்பா ஒன்று சில நூறு ரூபாய். உள்ளே இருப்பது என்னவென்று பார்த்தால், அரிசி ஸ்டார்ச்சும் அதைப் பீய்ச்சும் வாயுவும்! சிலவற்றில் சீனாக்களிமண்ணும் சேர்ப்பார்களாம். 2022 அக்டோபரில் அமெரிக்காவில் சில தெளிப்பு வகைகளை, பென்சீன் கலந்திருக்கலாம் என்று நிறுவனமே திரும்பப் பெற்றது. நாம் பாடத்தில் அறுகோணமாக வரைகிறோமே, அதே பென்சீன்தான்.

தத்துவம் எளியது. மயிர்க்காலை ஒட்டிய சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைச் சுரக்கின்றன. அச்சு நீரை உறிஞ்சுவதுபோல, நுண்ணிய மாவு அந்தப் பசையை வாங்கிக்கொள்கிறது. சீவினால் மாவோடு அதுவும் உதிர்கிறது. ஐரோப்பியப் பிரபுக்கள் ஒரு காலத்தில் ஸ்டார்ச் மாவை அழகுக்காகவே தலையில் தூவிக்கொண்டார்கள். அதற்கு இங்கிலாந்தில் 1795-இல் ஆண்டுக்கு ஒரு கினி வரி போட்டார்கள் என்றால் பாருங்களேன்!

படித்த திமிரில் அரிசி மாவோடு அம்மாவிடம் போனேன்.

"ஏன்டா, காலம்பூரா தலையிலேர்ந்து மாவக் கழுவித்தான் ஒன்னப் படிக்க வெச்சேன். நீ படிச்சிட்டு வந்து அதையே என் தலையில கொட்டப் பாக்குறியா?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவளே சிரித்து, "சரி, வா" என்றாள்.

முதல் முயற்சி படுதோல்வி. காலையில் வைத்த தேங்காய் எண்ணெயோடு மாவு சேர்ந்து கொழுக்கட்டைப் பதத்துக்கு வந்துவிட்டது. துணியால் துடைத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு நாள் எண்ணெய் வைக்காமல் விட்டு, சோள மாவைச் சலித்து, வகிடு வகிடாகப் பிரித்துக் கொஞ்சமாகத் தூவினேன். பத்து நிமிடம் கழித்துச் சீவியபோது பிசுக்குக் குறைந்து முடி பிரிந்து வந்தது. ஆனால் அரிப்பு நிற்கவில்லை. வியர்வை உப்பையும் அழுக்கையும் மாவு முழுதாக எடுக்காது. தண்ணீரின் வேலையைத் தண்ணீர்தான் செய்ய வேண்டும். இருந்தாலும் அன்று மாலை அத்தை வந்தபோது அம்மா முந்தானையை இழுக்கவில்லை.

இருபது வயதில் அன்றுதான் முதன்முதலாக அம்மாவுக்குத் தலை சீவினேன். வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம் வேறு. காதோரம் மட்டும் எவ்வளவு சீவியும் வெள்ளை போகவே இல்லை. மாவு ஒட்டிக்கொண்டது என்று சீப்பைத் துடைத்துத் துடைத்துச் சீவினேன். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருக்கும். தூசி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"விடுடா, வலிக்குது," என்றாள் அம்மா. "அது மாவு இல்ல."